மவுஸைத் தூக்கிப் பிடித்த மாணவி

எல்லோருக்கும் வணக்கம். கல்லூரி மாணவர்களுக்குக் கம்ப்யூட்டர் பிடிக்கிறதா என்று பேசச் சொன்னார்கள். பிடிக்காமல் என்ன? நாலு பேர் பார்க்க, தெரியாமல் முழிப்பதற்குத்தான் கூச்சம்.

முதலாமாண்டு வரலாறு படிக்கும் மாணவி ஒருவர். லேபில் மவுஸை மேசையிலிருந்து தூக்கி, டிவி ரிமோட் மாதிரி திரைக்கு நேராக நீட்டினார். பக்கத்துப் பையன் சிரித்துவிட்டான். அந்தப் பருவம் முழுக்க அவருக்குக் கடைசி நாற்காலிதான். கீபோர்டைத் தோழி பக்கம் தள்ளிவிட்டு, "நீ அடி, நான் சொல்றேன்" என்பார். இத்தனைக்கும், செல்போனில் அவர் கட்டைவிரல் ஓடுகிற வேகம் எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது.

1989-இல் ஃபிரெட் டேவிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒன்றைச் சொன்னார். ஒரு தொழில்நுட்பம் தனக்குப் பயன்படும், கையாளவும் எளிது என்று தோன்றினால் மனிதர்கள் அதை ஏற்பார்கள் என்று. சரிதான். இதை வைத்துக் கேள்வித்தாள் தயாரித்து, "கணினி பயனுள்ளது" என்று போட்டால், நம் பிள்ளைகள் "முழுமையாக உடன்படுகிறேன்" என்று டிக் அடித்துக் கொடுத்துவிடுவார்கள். சார் கொடுத்த தாள் ஆயிற்றே! கடைசி நாற்காலி அதில் எங்கே தெரியும்?

2011-இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது பலரும் கேலி செய்தார்கள். படம் பார்க்கத்தான் ஆகும் என்றார்கள். பார்த்தார்கள்தான், பல வீடுகளில் அண்ணன்தான் பார்த்தான். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு தப்புத் தப்பாக அமுக்கிப் பார்க்க ஒரு பெட்டி வீட்டுக்குள் வந்தது. லேபில் அதற்கு இடமில்லை. பின்னால் ஆசிரியர்கள் நாங்கள் நிற்போம்.

அதனால் ஒரு காரியம் செய்தேன். மதிய இடைவேளையில் லேபைத் திறந்து வைத்தேன். ஆசிரியர் யாரும் உள்ளே போகக் கூடாது. தமிழில் தட்டச்சு செய்ய உதவும் தமிழ்99 விசைப்பலகைப் படத்தை மட்டும் சுவரில் ஒட்டினேன். உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். 'க' அடித்து 'ஆ' அடித்தால் 'கா'. முதல் வாரம் மூன்று பேர் வந்தார்கள். அப்புறம் ஒருநாள் வாசலிலிருந்து எட்டிப் பார்க்கிறேன், அந்த மாணவி தனியாக உட்கார்ந்து தன் பெயரை அடிக்கிறார், அழிக்கிறார், மறுபடி அடிக்கிறார். சத்தம் காட்டாமல் திரும்பிவிட்டேன்.