சுழலும்போது தெரியும் வடிவம்

வணக்கம் நேயர்களே.

முதலில் மூன்று எண்கள்: 45, 148, 307. பக்கத்தில் தாள் இருந்தால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த மூன்றுக்குள் ஒரு பொருளின் வடிவமே அடங்கியிருக்கிறது.

யுரேனியம்-238 அணுக்கருவுக்குக் கொஞ்சம் ஆற்றல் கொடுத்தால், அது ஏறி நிற்கும் முதல் மூன்று படிகளின் உயரம் இது. அலகு கிலோ எலக்ட்ரான் வோல்ட், அணு உலகில் ஆற்றலை அளக்கும் அலகு. படி என்று நான் சொல்வதைப் பாடநூல்கள் கிளர்ச்சி நிலை என்று சொல்லும். ஈயம்-208 அணுக்கருவில் முதல் படியே 2,615 கிலோ எலக்ட்ரான் வோல்ட் உயரத்தில் இருக்கிறது. யுரேனியத்தின் முதல் படியைப் போல 58 மடங்கு. இரண்டுமே கனமான அணுக்கருக்கள்தாம். ஒன்று இலேசாக அசைந்து கொடுக்கிறது, மற்றொன்று அசையவே மறுக்கிறது. ஏன்?

இப்போது 148-ஐ 45-ஆல் வகுத்துப் பாருங்கள். சுமார் 3.3 வரும். 307-ஐ 45-ஆல் வகுத்தால் 6.8. சுழலும் பொருளுக்குக் குவாண்டம் இயற்பியல் ஓர் எளிய கணக்கு வைத்திருக்கிறது. சுழற்சி எவ்வளவு என்பதைக் காட்டும் அளவைக் கோண உந்தம் என்போம். இங்கே அது 2, 4, 6 என்று இரண்டிரண்டாக ஏறுகிறது. ஒவ்வொரு எண்ணையும் அதற்கு அடுத்த எண்ணோடு பெருக்குங்கள். இரண்டு மூன்று ஆறு, நாலைந்து இருபது, ஆறேழு நாற்பத்திரண்டு. படிகளின் உயரம் இந்த விகிதத்தில் இருக்க வேண்டும். அதாவது 1, 3.33, 7. யுரேனியம் இந்தக் கணக்கை ஏறக்குறைய அப்படியே பின்பற்றுகிறது. அப்படியானால் அது சுழல்கிறது.

சுழல்வதில் என்ன வியப்பு என்று தோன்றலாம். முழு உருண்டையான ஒரு பந்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் புள்ளியோ கீறலோ எதுவும் இல்லை. நீங்கள் கண்ணை மூடியிருக்கும்போது நான் அதைத் திருப்பி வைத்தால், திருப்பினேனா இல்லையா என்று உங்களால் சொல்ல முடியாது. நம் உலகத்துப் பந்தில் ஒரு புள்ளி வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். அணுக்கருவில் புள்ளி வைக்க வழியில்லை. திருப்பிய நிலைக்கும் திருப்பாத நிலைக்கும் எந்த வேறுபாடும் இல்லையென்றால், குவாண்டம் கணக்கில் அங்கே சுழற்சி என்ற ஒன்றே கிடையாது. ஈயம்-208 உருண்டை. அதனால் சுழன்று ஆற்றலை ஏற்கும் வழி அதற்கு அடைபட்டிருக்கிறது. யுரேனியம் சுழல்கிறது என்றால் அது உருண்டையாக இருக்க முடியாது. இயற்பியலில் நான் கற்றவற்றுள் இவ்வளவு அழகான தர்க்கம் வேறில்லை என்றே நினைக்கிறேன்.

யுரேனியம் மட்டுமல்ல, அரிய மண் தனிமங்கள் பலவற்றின் அணுக்கருக்களும் இப்படி ஒரு திசையில் நீண்டவைதாம். நீள அச்சு குறுக்கு அச்சைவிட ஏறக்குறைய முப்பது விழுக்காடு கூடுதலாக இருக்கும்.

இதற்கான முதல் தடயம் 1935-இல் கிடைத்தது. யூரோப்பியத்தின் நிறமாலைக் கோடுகளை ஆராய்ந்த ஷூலர், ஷ்மிட் என்ற இரு ஜெர்மன் அறிஞர்கள், அதன் அணுக்கருவின் மின்னூட்டம் உருண்டையாகப் பரவியிருக்கவில்லை என்று கண்டார்கள். காரணம் விளங்க மேலும் பதினைந்து ஆண்டுகள் ஆயின. 1949-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சார்லஸ் டவுன்ஸ் இந்த அளவீடுகளைப் பற்றி ஓர் உரை ஆற்றினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் ஜேம்ஸ் ரெயின்வாட்டர். அணுக்கருவின் வெளிச்சுற்றில் ஓடும் ஒரு துகள், அதாவது ஒரு புரோட்டானோ நியூட்ரானோ, உள்ளே இருக்கும் மொத்தக் கருவையும் தன் பக்கம் இழுத்து நீட்டிவிடக்கூடும் என்று அவருக்குத் தோன்றியது. அந்த ஆண்டு அவரோடு ஒரே அறையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர் ஆகே போர். ஊர் திரும்பிய போர், கோபன்ஹேகனில் பென் மோட்டல்சனோடு சேர்ந்து அந்த எண்ணத்தை முழுக் கோட்பாடாக வளர்த்தார். 1975-இல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

உருண்டையிலிருந்து நீள்வடிவுக்கு மாறுவது எவ்வளவு திடீரென்று நடக்கிறது என்பதற்குச் சமாரியம் நல்ல சான்று. சமாரியம்-150-இன் முதல் படி 334 கிலோ எலக்ட்ரான் வோல்ட். இரண்டே இரண்டு நியூட்ரான்கள் சேர்ந்து அது சமாரியம்-152 ஆனதும், படி 122-க்கு இறங்கிவிடுகிறது.

படிகளின் இடைவெளி இன்னொன்றையும் சொல்கிறது. சுழற்ற எவ்வளவு கடினம் என்பதை நிலைமத் திருப்புத்திறன் என்போம். கல் போன்ற திடப்பொருளாக அணுக்கரு இருந்தால் இந்த அளவு என்னவாக இருக்கும் என்று கணக்கிடலாம். கிடைப்பதோ அதில் பாதிக்கும் குறைவு. நீர் நிறைந்த குடத்தைச் சட்டென்று திருப்பினால் குடம் திரும்பும், நடுவில் உள்ள நீர் இருந்த இடத்திலேயே நிற்கும். அணுக்கருவிலும் ஒரு பகுதி சுழற்சியில் கலந்துகொள்ளாமல் விலகி நிற்கிறது. புரோட்டான்கள் புரோட்டான்களோடும் நியூட்ரான்கள் நியூட்ரான்களோடும் இணை சேர்ந்து, உராய்வே இல்லாத மீப்பாய்மம் போல நடந்துகொள்வதுதான் காரணம். மின்தடையே இல்லாத மீக்கடத்திகளில் எலக்ட்ரான்கள் இணை சேர்வதும் இதே வகை. 1958-இல் போரும் மோட்டல்சனும் டேவிட் பைன்ஸும் இந்த ஒற்றுமையைச் சுட்டிக் காட்டினார்கள்.

அப்படியானால் மிக வேகமாகச் சுழற்றினால் அந்த இணைகள் தாங்குமா? தாங்காது. 1971-இல் ஸ்டாக்ஹோமில் டிஸ்ப்ரோசியம்-160-ஐ ஆராய்ந்தவர்கள் அதைக் கண்டார்கள். படியிறங்கும் அணுக்கரு ஒவ்வொரு படிக்கும் ஒரு காமா கதிரை வெளியிடும். சுழற்சி கூடக்கூட அந்தக் கதிரின் ஆற்றலும் ஏறிக்கொண்டே போக வேண்டும். ஆனால் ஓரிடத்தில் அது ஏறாமல் இறங்கியது. சுழற்சியின் விசை ஓர் இணையைப் பிரித்து, இரு துகள்களையும் சுழலும் அச்சின் பக்கம் திருப்பிவிட்டது. வரைபடத்தில் கோடு பின்னோக்கி வளைவதால் இதைப் பின்வளைவு என்கிறோம். மாணவனாக இருந்தபோது இந்த வரைபடத்தை முதன்முதலாக நானே வரைந்தேன். புள்ளியைத் தவறாக வைத்துவிட்டேன் என்று நினைத்து அழித்துவிட்டு, மீண்டும் கணக்கிட்டேன். மீண்டும் அதே இடத்தில்தான் விழுந்தது. அன்றிரவு வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

1986-இல் இங்கிலாந்தின் டேர்ஸ்பரி ஆய்வகத்தில் ஒரு பெரிய கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. கால்சியம்-48 அணுக்கருக்களை முடுக்கி, பல்லேடியம்-108 மீது மோதவிட்டார்கள். இரண்டும் ஒன்றாகி, நான்கு நியூட்ரான்களை உதறிவிட்டு, டிஸ்ப்ரோசியம்-152 ஆக மிக வேகமாகச் சுழன்றன. சுற்றிலும் வைத்திருந்த ஜெர்மானியம் உணர்கருவிகளில் 19 காமா கதிர்க் கோடுகள் வேலிக் கம்பிகளைப் போல வரிசையாக நின்றன. ஒவ்வொன்றுக்கும் இடையே சுமார் 47 கிலோ எலக்ட்ரான் வோல்ட். கோண உந்தம் 60 வரை போனது. அணுக்கருவின் நீளம் அகலத்தைப் போல இரு மடங்கு. இவ்வளவு நீண்டும் பிளந்துபோகாமல் நின்றது அது.

வடிவம் அணுக்கருவின் ஆயுளையும் நீட்டும் என்பதை ஹாஃப்னியம்-178-இல் பார்க்கலாம். அதன் ஒரு கிளர்ச்சி நிலையில் நான்கு துகள்கள் நீள அச்சின் திசையிலேயே 16 அலகு கோண உந்தத்தைச் சேர்த்து வைத்திருக்கின்றன. கீழே உள்ள படிகளிலோ சுழற்சி அந்த அச்சுக்குக் குறுக்காக நடக்கிறது. இறங்க வேண்டுமானால் கோண உந்தத்தின் திசையையே மாற்றியாக வேண்டும், அது எளிதில் கூடிவராது. கிளர்ச்சி நிலைகள் பெரும்பாலும் நொடியின் கோடியில் ஒரு பங்குகூட நிலைப்பதில்லை. இந்த நிலையின் அரை ஆயுள், அதாவது பாதி அணுக்கருக்கள் இறங்கிவிட ஆகும் காலம், 31 ஆண்டுகள்.

நன்றி. வணக்கம்.