ஸ்பிரிங் முதலில், ஷாக் பிறகு: பழைய கமாரோவுக்கு ஷாக் அப்சார்பர் தேர்ந்தெடுக்கும் முறை

[காட்சி: லிஃப்டில் நிற்கும் 1969 கமாரோ. இடப்பக்க முன்சக்கரம் கழற்றப்பட்டிருக்கிறது.]

வணக்கம். அமெரிக்காவில் 1967, 1968, 1969 ஆகிய மூன்று மாடல் ஆண்டுகளில் வெளிவந்த முதல் தலைமுறை ஷெவர்லே கமாரோவின் சஸ்பென்ஷனை மேம்படுத்துகிறவர்கள், முதலில் ஸ்பிரிங்கை மாற்றிக் காரைத் தாழ்த்துகிறார்கள், பிறகு வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் தடிமனான ஆன்டி ரோல் பாரையும் 17 அங்குலச் சக்கரங்களையும் பொருத்துகிறார்கள், இவையெல்லாம் முடிந்தபின் கையில் மிஞ்சும் பணத்தில் ஏதோ ஒரு ஷாக் அப்சார்பரை வாங்கி மாட்டிவிடுகிறார்கள். ஷாக்கைக் கடைசியாகத் தேர்ந்தெடுப்பது சரிதான். ஆனால் மற்ற எல்லாப் பாகங்களையும்விட அதிகக் கவனத்தோடு தேர்ந்தெடுக்க வேண்டியதும் அதுவே. கார் சாலையில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை முடிவு செய்வதில் அதற்கு அவ்வளவு பெரிய பங்கு இருக்கிறது.

ஷாக் அப்சார்பர் என்ற பெயரே நம்மைத் தவறாக நினைக்க வைக்கிறது. சாலைப் பள்ளத்தின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது டயரும் ஸ்பிரிங்கும்தான். அப்படி அமுங்கிய ஸ்பிரிங் மறுபடி விரியும்போது காரைத் தூக்கி எறியாமலும், மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருக்காமலும் அடக்குவது ஷாக்கின் வேலை. உள்ளே பிஸ்டன் நகரும்போது ஆயில் சிறு துளைகள், வால்வுகள் வழியே நெருக்கித் தள்ளப்படுகிறது. ஸ்பிரிங்கின் ஆற்றல் அங்கே வெப்பமாக மாறுகிறது. மோசமான சாலையில் ஓட்டிவிட்டு வந்து நிறுத்தியதும் ஷாக்கின் உடலைத் தொட்டுப் பாருங்கள். அதில் உணரும் சூடுதான், சற்று முன்வரை உங்கள் காரைக் குலுக்கிக்கொண்டிருந்த ஆற்றல்.

[காட்சி: லோயர் ஆர்மின் அடிப்பகுதி, அருகிலிருந்து.]

இந்தக் காரின் முன்பக்கத்தில் ஷாக், காயில் ஸ்பிரிங்கின் நடுவே நிற்கிறது. மேல்முனையில் மரையுள்ள ஒற்றைத் தண்டு இரண்டு ரப்பர்களுக்கு நடுவே ஒரு நட்டால் இறுக்கப்பட்டிருக்கிறது. கீழ்முனையில் உள்ள குறுக்குக் கம்பி இரண்டு போல்ட்டுகளால் லோயர் ஆர்மில், அதாவது சக்கரத்தைக் காரின் சட்டத்தோடு இணைக்கும் கீழ்க்கையில், பிணைக்கப்பட்டிருக்கிறது. மேல் நட்டைக் கழற்றி இந்த இரண்டு போல்ட்டுகளையும் எடுத்துவிட்டால், ஸ்பிரிங்கைத் தொடாமலேயே ஷாக் கீழ்த்துளை வழியாக இறங்கி வந்துவிடும். இவ்வளவு எளிதாகக் கழற்ற முடிவதால்தான், ஸ்பிரிங்கோடு சேர்த்து யோசிக்காமல் ஷாக்கை மட்டும் மாற்றும் பழக்கம் வந்தது என்று நான் நினைக்கிறேன்.

பின்பக்கக் கதை இன்னும் சுவையானது. அங்கே இருப்பது லீஃப் ஸ்பிரிங், அதாவது நம் லாரிப் பட்டறைகளில் பட்டா என்று சொல்கிறோமே, அதே அமைப்பு. 1967 கமாரோவில் பக்கத்துக்கு ஒரே ஒரு பட்டா மட்டும் இருந்தது. எஞ்சினின் முழு பலமும் திடீரென்று பின்சக்கரத்துக்கு வரும்போது, ஆக்சிலின் கூடு சக்கரம் சுழலும் திசைக்கு எதிராக முறுக்கிக்கொள்ள முயலும். அந்த முறுக்கில் ஒற்றைப் பட்டா பாம்புபோல் வளைந்து, பிடி தாங்காமல் விடுபட்டு, மறுபடி வளையும். ஒவ்வொரு முறையும் டயர் தரையை விட்டுத் துள்ளும். அந்த ஆண்டின் சக்திவாய்ந்த கார்களில் இதைக் குறைக்க வலப்பக்கத்தில் ஒரு இழுகம்பியைப் பொருத்தினார்கள். 1968ஆம் ஆண்டில் வேறு வழி கண்டார்கள்: பின் ஷாக்குகளில் ஒன்றை ஆக்சிலுக்கு முன்னும் மற்றொன்றைப் பின்னும் சாய்த்து அமைத்தார்கள். ஆக்சில் எந்தப் பக்கம் முறுக்கினாலும், ஒன்று அமுங்கும்போது மற்றது நீள, இரண்டும் சேர்ந்து அந்த முறுக்கைத் தணிக்கும். ஆகவே இந்தக் காரில் பின் ஷாக்குக்கு இரண்டு வேலைகள் இருக்கின்றன: ஸ்பிரிங்கை அடக்குவது ஒன்று, ஆக்சிலை அடக்குவது மற்றொன்று. வாங்குவதற்கு முன் காருக்குக் கீழே படுத்து, உங்கள் காரில் ஒற்றைப் பட்டாவா, அடுக்குப் பட்டாவா, ஷாக்குகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்பதைக் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். இத்தனை ஆண்டுகளில் எத்தனை கைகள் அந்தக் காரில் எதையெதை மாற்றியிருக்கும் என்பதை எந்தப் பட்டியலும் உங்களுக்குச் சொல்லாது.

[காட்சி: பலகையில் இரண்டு ஸ்பிரிங்குகளின் படம்.]

இப்போது முக்கியமான கணக்கு. ஓர் அங்குலம் அமுங்க 300 பவுண்டு கேட்கும் முன் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, 600 பவுண்டு கேட்கும் ஸ்பிரிங்கை மாட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஸ்பிரிங் இரண்டு மடங்கு ஆகிவிட்டது, ஷாக்கும் இரண்டு மடங்கு இறுக்கமாக வேண்டும் என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் ஒரு பாரத்தை ஆட்டமில்லாமல் அடக்கத் தேவையான தணிப்பு, ஸ்பிரிங் கடினத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே கூடுகிறது. இரண்டின் வர்க்கமூலம் ஏறத்தாழ 1.4. அதாவது, காரின் எடை மாறாத நிலையில், ஷாக்கின் தணிப்பு சுமார் 40 சதவீதம் கூடினால் பழைய சமநிலை திரும்பக் கிடைக்கும். பழைய ஷாக்கையே வைத்துக்கொண்டால், கார் கடினமாகவும் இருக்கும், ஆடவும் செய்யும். சந்தையில் கிடைப்பதிலேயே இறுக்கமான ஷாக்கை மாட்டினால், நல்ல ஸ்பிரிங்குக்குக் கொடுத்த பணம் வீணாகும். சக்கரத்தால் சாலையின் மேடுபள்ளத்தைப் பின்தொடர முடியாமல் போகும்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முன்பக்கத்தில் ஷாக் சக்கரத்துக்கு நேர்மேலே நிற்கவில்லை. லோயர் ஆர்மின் உட்பகுதியில் நிற்கிறது. சக்கரம் ஓர் அங்குலம் ஏறும்போது ஷாக் அரை அங்குலம்தான் நகர்கிறது என்றால், ஷாக் பாதி வேகத்தில் இயங்குகிறது, அது தரும் விசையும் சக்கரத்தைச் சேரும்போது பாதியாகிவிடுகிறது. இரண்டும் சேர்ந்து சக்கரத்தில் உணரப்படும் தணிப்பு கால்பங்காகிறது. ஆகவே வேறொரு காரில் அருமையாக இருந்த ஷாக் என்று கேள்விப்பட்டு வாங்குவதில் பொருளில்லை. உங்கள் ஸ்பிரிங்கின் கடினத்தைச் சொல்லி, அதற்கேற்ற வால்வு அமைப்பைத் தயாரிப்பாளரிடம் கேட்டு வாங்குங்கள்.

ஷாக்குக்கு இரண்டு திசைகள் உண்டு. அமுங்கும்போது காட்டும் எதிர்ப்பு கம்ப்ரெஷன், நீளும்போது காட்டும் எதிர்ப்பு ரீபவுண்ட். அமுங்கும் திசையில் ஸ்பிரிங்கும் கைகொடுக்கிறது. நீளும் திசையில் அழுத்தப்பட்ட ஸ்பிரிங் முழுவதையும் ஷாக் தனியாக அடக்க வேண்டும். அதனால் ஸ்பிரிங்கை மாற்றும்போது முதலில் ரீபவுண்டைத்தான் பார்க்க வேண்டும். கடினமான ஸ்பிரிங்குக்கு ரீபவுண்ட் போதாவிட்டால், ஒரு பாலத்தின் இணைப்பைக் கடந்தபின்னும் காரின் மூக்கு இரண்டு மூன்று முறை தலையாட்டும். ரீபவுண்ட் மிகையானால் வேறு கோளாறு: தொடர்ந்து வரும் குலுக்கல்களில் சக்கரம் முழுதாக இறங்கி வருவதற்குள் அடுத்த மேடு வந்துவிட, கார் படிப்படியாகத் தரையை நோக்கி அமர்ந்துவிடும். ஓட்டுநருக்கு இது ஸ்பிரிங் கடினமாக இருப்பதுபோலவே தோன்றும். பலர் நல்ல ஸ்பிரிங்கைக் கழற்றி எறிவது இதனால்தான்.

[காட்சி: அளவுநாடா; ஷாக்கின் தண்டில் கட்டிய கேபிள் டை.]

அடுத்தது நீளம். கார் தாழ்ந்ததும் ஷாக் தன் பயணத்தின் நடுவில் நிற்பதில்லை. முழுதாக நீண்டால் 13.5 அங்குலம், முழுதாக அமுங்கினால் 8.5 அங்குலம் உள்ள ஒரு பின் ஷாக், பழைய உயரத்தில் 11 அங்குலத்தில் நின்றிருந்தால், இரு பக்கமும் இரண்டரை அங்குலம் இடம் இருந்திருக்கும். காரை 2 அங்குலம் தாழ்த்தினால் அமுங்குவதற்கு ஏறத்தாழ அரை அங்குலம்தான் மிஞ்சும். அதன்பின் ஒவ்வொரு பள்ளத்திலும் பிஸ்டன் அடியில் போய் இடிக்கும்; உள்வால்வு உடையும், ஷாக்கின் முனையைப் பிடித்திருக்கும் மவுண்ட் கிழியும். ஆகவே கார் தன் எடையோடும் பெட்ரோலோடும் தரையில் நிற்கும்போது, மேல் மவுண்டுக்கும் கீழ் மவுண்டுக்கும் இடையேயுள்ள தூரத்தை அளந்து, அந்த அளவு புதிய ஷாக்கின் பயணத்தில் நடுவை ஒட்டி விழுகிறதா என்று பாருங்கள். மாட்டியபின், தண்டு வெளியே தெரியும் ஷாக்கானால், அதில் ஒரு கேபிள் டையைக் கட்டி உடலை ஒட்டி இறக்கிவிட்டு, வழக்கமான சாலையில் ஓட்டுங்கள். திரும்பி வந்ததும் அது எவ்வளவு தூரம் தள்ளப்பட்டிருக்கிறது என்பது, ஷாக் எவ்வளவு அமுங்கியது என்பதைக் காட்டிக்கொடுக்கும். ஷாக் முட்டுவதற்கு முன், சஸ்பென்ஷன் மேலும் அமுங்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர் முட்ட வேண்டும். இதில் சமரசமே கூடாது.

ஷாக்கின் உடல் ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த இரட்டைக் குழாயா, ஒற்றைக் குழாயா என்ற கேள்விக்கு நான் அதிக நேரம் செலவிட மாட்டேன். பில்ஸ்டைன் நிறுவனம் 1950களில் சந்தைக்குக் கொண்டுவந்த ஒற்றைக் குழாய் அமைப்பில், உயர் அழுத்த நைட்ரஜன் ஒரு மிதக்கும் பிஸ்டனுக்குப் பின்னால் அடைக்கப்பட்டிருப்பதால், ஆயில் நுரைப்பதில்லை, சூடும் வேகமாக வெளியேறுகிறது. 46 மில்லிமீட்டர் பிஸ்டன், 35 மில்லிமீட்டர் பிஸ்டனைவிட 1.7 மடங்கு பரப்பு கொண்டது என்பதால் நுட்பமான கட்டுப்பாடும் கிடைக்கிறது. ஆனால் அதன் சுவரில் ஒரு நசுங்கல் விழுந்தால் பிஸ்டன் சிக்கிவிடும். சாலையில் மட்டும் ஓடும் காருக்கு, ஸ்பிரிங்குக்குப் பொருந்திய நல்ல இரட்டைக் குழாய் ஷாக், பொருந்தாத விலையுயர்ந்த ஒற்றைக் குழாயைவிட எவ்வளவோ மேல்.

இரண்டு வகைகளை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். நேர்க்கோட்டுப் பந்தயத்துக்கான 90/10 முன் ஷாக், காரின் மூக்கு சட்டென்று எழுந்து எடை பின்சக்கரத்துக்குப் போவதற்காக, ரீபவுண்டே இல்லாததுபோல் செய்யப்பட்டது. வளைவுள்ள சாலையில் அது ஆபத்து. மற்றொன்று, அகலமான டயர் உராயாமலிருக்க வாலைத் தூக்கிய காற்று ஷாக். இந்தக் காரின் ஷாக் மவுண்டுகள் ஆட்டத்தைத் தாங்க அமைக்கப்பட்டவை. காரின் எடையைச் சுமக்க அமைக்கப்பட்டவை அல்ல. ஷாக்கைச் சுற்றியே ஸ்பிரிங் அமைந்த காயிலோவருக்கு மாறுகிறவர்கள் மவுண்டையும் வலுப்படுத்த வேண்டியிருப்பது இதே காரணத்தால்தான்.

[காட்சி: ஷாக்கின் திருகுக் குமிழ், அருகிலிருந்து.]

கம்ப்ரெஷனையும் ரீபவுண்டையும் தனித்தனியே திருகிச் சரிசெய்யும் ஷாக் வாங்கியிருந்தால், நான்கையும் மிகத் தளர்வான நிலையில் வைத்துத் தொடங்குங்கள். முன்பக்க ரீபவுண்டை மட்டும் இரண்டு கிளிக் கூட்டி, ஒரே சாலையில், ஒரே வேகத்தில் ஓட்டுங்கள். தலையாட்டம் நிற்கும்வரை கூட்டுங்கள். தொடர் குலுக்கலில் கார் அமரத் தொடங்கினால் இரண்டு கிளிக் திரும்பி வாருங்கள். பின்பக்கத்துக்கும் அப்படியே. அதன்பிறகுதான் கம்ப்ரெஷனைத் தொட வேண்டும், அதையும் ஸ்டீரிங் திருப்பியதும் கார் உடனே பதில் சொல்லும் அளவுக்கு மட்டும். ஒவ்வொரு எண்ணையும் ஒரு தாளில் எழுதி, டேஷ்போர்டு பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். டயரையோ ஸ்பிரிங்கையோ அடுத்த முறை மாற்றும்போது அந்த எண்களிலிருந்தே தொடங்கலாம்.