ஈரக் குப்பையை எரித்து யாருக்கு லாபம்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். நகரத்துக் குப்பைக்கு வழி எரிஉலையா, வீட்டிலேயே தரம் பிரித்து அந்தந்தப் பகுதியில் உரமாக்குவதா என்பது இன்றைய தலைப்பு. நான் உரமாக்கும் அணி. எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர், ஸ்வீடனில் குப்பையை எரித்து வீடுகளைச் சூடாக்குகிறார்கள், நமக்கு மட்டும் என்ன கேடு என்று கேட்டார்.

கேடு என்னவென்றால், நம் குப்பை ஈரக் குப்பை. நேற்று ராத்திரி உங்கள் வீட்டு வாளியில் என்ன விழுந்தது? முருங்கைக்காய்ச் சக்கை, டீத்தூள், ஊசிப்போன சாம்பார். மழையில் நனைந்த விறகை அடுப்பில் வைத்து ஊதிப் பார்த்த எந்தப் பாட்டியைக் கேட்டாலும் இதற்குப் பதில் சொல்லிவிடுவார். டெல்லி திமார்பூரில் 1987-இல் டென்மார்க் உதவியோடு நாளொன்றுக்கு 300 டன் எரிக்கும் ஆலையைக் கட்டினார்கள். வந்த குப்பை எரியவில்லை, கொஞ்ச நாளிலேயே மூடிவிட்டார்கள்.

காய்ந்த குப்பையை மட்டும் எரிப்போம் என்பீர்கள். சரி, அதற்கும் யாராவது தரம் பிரித்துத்தானே ஆக வேண்டும்?

அப்புறம் செலவு. சென்னையில் நாள்தோறும் 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேருகிறது. அதில் ஏறக்குறைய பாதி மக்கும் குப்பை, அந்தப் பாதியிலும் பெரும்பங்கு தண்ணீர். டீசல் போட்டு, லாரி வைத்து, கொடுங்கையூர், பெருங்குடி குப்பைமேடுகளுக்குத் தண்ணீரைச் சுமந்துகொண்டிருக்கிறோம். கொட்டிவிட்டால் மலிவு என்றுதான் அன்றைக்கும் கணக்குப் போட்டார்கள். 2022 ஏப்ரலில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய அந்தப் பெருங்குடி மேடு நாள்கணக்கில் எரிந்தது. கொடுங்கையூரில் பழைய குப்பையைத் தோண்டிப் பிரிக்க மட்டும் 600 கோடி ரூபாய்க்கு மேல் ஆகிறது. மிச்சம் பிடித்ததாக நினைத்த காசு வட்டியோடு போகிறது. இப்போது அதே கொடுங்கையூரில் எரிஉலை வேண்டும் என்கிறார்கள். எரித்தாலும் எடையில் கால்பங்கு வரை சாம்பல் மிஞ்சும், வடிகட்டியில் சிக்கும் சாம்பலில் ஈயமும் டையாக்சின் என்ற நச்சும் இருக்கும், அதைப் புதைக்க இன்னொரு குழி வேண்டும். ஏற்கெனவே அனல்மின் நிலையப் புகையோடு வாழும் வடசென்னைக்காரர்கள் தலையில் இதையும் கட்டலாமா?

டயப்பரும் பல அடுக்கு பிளாஸ்டிக் பாக்கெட்டும் உரமாகாது என்று நண்பர் சொன்னது உண்மைதான். பாக்கெட்டுகளை அரியலூர் சிமென்ட் ஆலைகளுக்கு எரிபொருளாக அனுப்பலாம், மிஞ்சியதைப் புதைத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் அது சிறு பங்கு, அதற்காக மொத்தக் குப்பைக்கும் உலை கட்ட வேண்டியதில்லை.

நம் மக்கள் பிரித்துத் தர மாட்டார்கள் என்றும் சொன்னார். கேரளத்து ஆலப்புழையில், ஊர்க் குப்பை போய்க்கொண்டிருந்த சர்வோதயபுரத்து மக்கள் இனி எங்கள் ஊருக்கு வராதே என்று லாரியை மறித்தார்கள். போக்கிடம் இல்லாமல் போன பிறகு, 2012-இலிருந்து அந்த நகரம் வீட்டிலேயே குழாய்க்குள் போட்டு ஆக்கும் உரம், சாண எரிவாயுக் கலன் மாதிரி சின்னக் கலன்கள், தெருமுனை உரத்தொட்டிகள் என்று மாறியது. அவர்களும் நம்மைப் போன்ற மக்கள்தான்.

எங்கள் பகுதி உர மையத்துக்கு ஒரு விடியற்காலையில் போனேன். தொட்டியைக் கிளறியதும் ஆவி பறந்தது, கை வைத்தால் சுட்டது, நாற்றமே இல்லை. கிளறிக்கொண்டிருந்த அக்கா குனிந்து ஒரு ஷேவிங் பிளேடை எடுத்து ஓரமாக வைத்தார். அவர் கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. "எங்கயாவது பேசினா, பிளேட மட்டும் பேப்பர்ல மடிச்சுத் தனியா குடுக்கச் சொல்லுங்க சார்" என்றார்.

சொல்லிவிட்டேன். நன்றி, வணக்கம்.