எட்டு ஒன்பதான ரூபாய்

நேயர்களுக்கு வணக்கம். பழைய காசு சேர்ப்பவர்களிடம் 1939 வெள்ளி ரூபாய் என்று சொல்லிப் பாருங்கள், கண் விரியும். ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட காசு. 1938 ரூபாய் தேடினால் கிடைத்துவிடும். 1939 அப்படியல்ல. விலையும் பல மடங்கு.

சில வருடங்களுக்கு முன் ஒரு கண்காட்சியில் எனக்கு ஒன்று அகப்பட்டது. எடை போட்டேன், 11.66 கிராம், சரியாக இருந்தது. காந்தம் ஒட்டவில்லை. வாங்கிவிட்டேன். மறுநாள் காலை ஜன்னல் வெளிச்சத்தில் காசைச் சாய்த்து, பத்து மடங்கு லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒன்பதின் இடப்பக்கம், கீழே, நகக்கண் அளவுகூட இல்லாத ஓர் இடம் மட்டும் தனியாகப் பளபளத்தது. அதில் மயிரிழை போலக் கீறல்கள். எட்டின் கீழ்ச் சுழியில் இடது பக்கத்தைச் சீவி எடுத்திருக்கிறார்கள். காசு அசல், வருடம் பொய். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இந்த மாதிரித் திருத்தலைத் தராசு காட்டிக் கொடுக்காது. அசல் வெள்ளிதானே! கடைசி இலக்கத்தை லென்ஸில் பார்ப்பது ஒன்றே வழி.

வார்ப்புப் போலி வேறு ரகம். அச்சில் அடித்த காசில் எழுத்தின் ஓரம் கூர்மையாக நிற்கும். உருக்கி ஊற்றியதில் எழுத்து கரைந்த சோப்பு போல மழுங்கியிருக்கும், பரப்பில் குண்டூசி முனைக் குழிகள் தெரியும், விளிம்பைச் சுற்றி அரம் போட்ட தடமும் இருக்கலாம். காந்தம் ஒட்டவில்லை என்பதற்காக வெள்ளி என்று நம்பிவிடாதீர்கள், பித்தளையும் ஒட்டாது. நகைக்கடைத் தராசு இருந்தால் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியில் படாமல் முழுக்க அமிழ்த்துங்கள். இந்த ரூபாயில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. அதனால் சுமார் 1.13 கிராம் காட்டும். அதே எடையில் பித்தளை என்றால் 1.3க்கு மேல் போகும்.

அப்புறம், ராமர் பட்டாபிஷேகம் பொறித்து, 1818 என்று போட்ட 'கிழக்கிந்தியக் கம்பெனி' காசு. கம்பெனி அப்படி ஒன்றை அடிக்கவே இல்லை. அது அரிசியை இழுக்கும், இரிடியம் இருக்கிறது என்று சொல்லிப் பணம் கேட்பவர்களிடம் பேச்சே வேண்டாம், நேரே காவல் நிலையத்துக்குப் போங்கள்.

எதையும் வாங்கும் முன் 'போலி என்றால் திருப்பித் தருகிறேன்' என்று பில்லில் எழுதி வாங்குங்கள். நான் அன்று அப்படி எழுதி வாங்கவில்லை. அந்த ரூபாயை ஓர் அசல் 1938க்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். புதிதாகச் சேர்க்க வரும் பிள்ளைகளிடம் இரண்டையும் லென்ஸோடு முதலில் கொடுத்துவிடுகிறேன்.