விறாந்தை வெளிச்சம்

நேயர்களுக்கு வணக்கம். கிளிநொச்சிப் பக்கம் படம் எடுக்கிற தொழில் எனக்கு. கலியாண வேலைக்கு அடுத்தபடி என்னிடம் கூடுதலாக வருவது காலமானவர்களின் அடையாள அட்டைதான். “தம்பி, அம்மாவின்ர படம் இது ஒண்டுதான் இருக்கு. பெருப்பிச்சுத் தாங்கோ, அந்தியேட்டிக்கு வேணும்” என்பார்கள். இடப்பெயர்வுகளில் அல்பங்களைத் தொலைத்த வீடுகள். அந்தச் சின்னப் படத்தை எவ்வளவு பெருப்பித்தாலும் அதில் இல்லாத முகம் வராது. ஆச்சி, அப்பு இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். கையில் இருக்கிற போன் போதும்.

முதலில் வெளிச்சம். சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய நாட்களில் நண்பகல் சூரியன் எங்கள் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். புருவ நிழல் விழுந்து கண் இரண்டும் குழியாகிவிடும். புது உடுப்போடு எல்லாரையும் முற்றத்தில் நிறுத்திப் படம் எடுப்பதும் அந்த நேரத்தில்தான்!

ஆச்சியை விறாந்தைக்குக் கூட்டிவாருங்கள். விளிம்பிலிருந்து இரண்டடி உள்ளே, நிழலில் கதிரையைப் போட்டு, முற்றத்தைப் பார்க்க இருத்துங்கள். வெயில் மண்ணில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் மென்மையானது. முகத்தைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பினால் ஒரு கன்னம் வெளித்து மற்றது மங்கும். அப்போதுதான் முகம் தட்டையாகத் தெரியாது. மங்கிய பக்கம் மிகவும் கறுத்தால் அங்கே யாரையாவது வெள்ளை வேட்டியை விரித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்பிவிட நாங்கள் காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கிற சாமானும் அதே வேலையைத்தான் செய்கிறது.

ஆச்சி வெள்ளைச் சேலை என்றால் போன் அந்த வெள்ளையைக் கணக்கில் எடுத்து முகத்தை இருட்டாக்கிவிடும். திரையில் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கூட்டுங்கள். கிட்டப் போய் எடுத்தால் மூக்குப் பெருக்கும். ஐந்தாறடி தள்ளி நின்று இரண்டு மடங்கு லென்ஸில் எடுங்கள். கமரா வைத்திருப்பவர்களுக்கு 85 மில்லிமீற்றர் லென்ஸ் நல்லது. எதில் எடுத்தாலும் கிட்ட இருக்கிற கண் தெளிவாக இருக்க வேண்டும்.

சரி, இவ்வளவும் செய்தும் ஆச்சி மரம் மாதிரி இருப்பா. “சிரியுங்கோ” என்று மட்டும் சொல்லாதீர்கள். முத்தையன்கட்டுப் பக்கம் ஓர் ஆச்சி பல்லில்லை என்று வாயை இறுக்கிக்கொண்டே இருந்தா. கமராவைக் கீழே இறக்கிவிட்டு, “இந்த முறை கச்சானில் எவ்வளவு மிஞ்சினது?” என்று கேட்டேன். காட்டுப்பன்றியைத் திட்டத் தொடங்கினா பாருங்கள், கையும் கண்ணும் சேர்ந்து பேசின. பேசவிட்டு எடுத்துக்கொண்டே இருந்தேன். பதினெட்டுப் படங்களில் மகள் தெரிந்தெடுத்தது, ஆச்சி வாய் நிறையப் பன்றியை ஏசுகிற படத்தை.