லாட்ஜுக்கு உள்ள பொறுப்பு இணையதளத்துக்கு இல்லையா?

[காட்சி: ராமேஸ்வரம், அக்னி தீர்த்தம் பக்கத்துத் தெரு. வரிசையாக லாட்ஜ் பலகைகள்.]

ராமேஸ்வரத்தில் அறை கேட்டுப் போனால் முதலில் ஆதாரைத்தான் கேட்பார்கள். பேர், ஊர், கூட வந்திருப்பவர் யார், எல்லாம் ரிஜிஸ்டரில் ஏறிய பிறகுதான் சாவி. ஒரு பிள்ளையை வைத்து எடுத்த ஆபாசப் படம் லாட்ஜ்காரர் கண்ணில் பட்டுவிட்டால், "வாடகை வந்துவிட்டது, நமக்கென்ன" என்று அவர் இருந்துவிட முடியாது. போலீசுக்குச் சொல்லியே ஆகவேண்டும். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012இல் வந்த போக்சோ சட்டத்தின் 20ஆவது பிரிவு லாட்ஜ், ஹோட்டல், மருத்துவமனை, ஸ்டூடியோ என்று பேர் சொல்லியே எழுதியிருக்கிறது. சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

சரி, அதே படம் ஓர் இணையதளத்தில் ஏறினால்? அந்தத் தளத்தை நடத்துபவருக்கு என்ன கடமை?

[காட்சி: பாம்பன். கரையோரம் கட்டிக் கிடக்கும் விசைப்படகுகள்.]

முதலில் ஆபத்து எந்த வழியாக வருகிறது என்று பார்த்துவிடுவோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் விசைப்படகை நம்பியிருக்கும் வீடுகளில் வரும்படி நின்றுவிடும். பள்ளிக்கூட லீவும் அதே சமயத்தில்தான். பிள்ளைகள் வீட்டில், கையில் போன். அப்போது இப்படி ஒரு மெசேஜ் வருகிறது என்று வையுங்கள்.

[திரையில் எழுத்து: "பேக்கிங் வேலை. 15 வயசு போதும். தங்குமிடம், சாப்பாடு ஃப்ரீ. அட்வான்ஸ் இன்னிக்கே வரும். வீட்டுல இப்ப சொல்லாதீங்க, முதல் சம்பளத்தோட சொல்லிக்கலாம்."]

கடைசி வரியைப் பாருங்கள். வேலை கொடுப்பவனுக்கு வீட்டில் சொன்னால் என்ன வலிக்கிறது?

சுரண்டும் நோக்கத்தோடு பிள்ளையை இப்படி ஆசை காட்டி வரவழைத்தாலே அது ஆள்கடத்தல். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. "பிள்ளையே சம்மதித்துத்தான் வந்தது" என்ற வாதம் அங்கே செல்லாது. தண்டனை குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள்.

இந்த மெசேஜில் ஆபாசம் எதுவும் இல்லை என்பதுதான் சிக்கல். ஏற்கெனவே பிடிபட்ட படங்களைக் கண்டுபிடிக்க 2009லேயே ஃபோட்டோடிஎன்ஏ என்ற தொழில்நுட்பம் வந்துவிட்டது. ஒவ்வொரு படத்துக்கும் கைரேகை மாதிரி ஓர் எண்கோவை போட்டு வைத்து, புதிதாக ஏறும் படத்தோடு ஒப்பிடும். படத்துக்கு அது சரி. வெறும் வேலை விளம்பரத்தை அது எப்படிப் பிடிக்கும்?

ஆனால் தளத்துக்கு வேறொன்று தெரியும். நேற்றுத் தொடங்கிய ஒரு கணக்கு, ஒரே வாசகத்தை, முன்பின் தெரியாத நூறு பிள்ளைகளுக்கு அனுப்புகிறது. தங்கச்சிமடத்துத் தாய்க்குத் தெரிவது தன் பிள்ளை போனில் வந்த ஒன்று மட்டும்தான். நூறும் தெரிவது நிறுவனத்துக்கு. அதிலும், "இவரை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்" என்று அந்த ஆளைப் பிள்ளைக்கு அறிமுகம் செய்து வைத்ததே தளமாகவும் இருக்கலாம். அப்புறம் "நாங்கள் வெறும் மேடை" என்று சொன்னால் எப்படி?

[காட்சி: சட்டப் புத்தகம். 79ஆவது பிரிவில் அடிக்கோடு.]

அப்படிச் சொல்ல அவர்களுக்கு ஒரு பிரிவு இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 79. பயனர் போட்டதற்குத் தளம் பொறுப்பாகாது என்ற பாதுகாப்பு அது. நானும் அதை ஒட்டுமொத்தமாக எடுத்துவிடச் சொல்லவில்லை. எடுத்தால் பயந்துபோய் நியாயமான பேச்சையும் அழித்துவிடுவார்கள். ஆனால் அந்தப் பாதுகாப்பு நிபந்தனையோடு வருவது. தளம் உரிய கவனம் எடுத்திருக்க வேண்டும். சட்டவிரோதம் என்று தெரிந்ததும் நீக்க வேண்டும், அதுவும் ஆதாரம் கெடாமல். 2015இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம், "தெரிந்தது" என்றால் நீதிமன்ற உத்தரவோ அரசு அறிவிப்போ வந்ததுதான் என்று சுருக்கியது. பேச்சுரிமைக்கு அது நல்லது. பிள்ளைகள் விஷயத்தில் அதையே சாக்காக வைத்துக் கையைக் கட்டிக்கொள்ள இடம் கிடைத்தது.

2024 செப்டம்பர் 23இல் நிலைமை மாறியது. சென்னையில் பதிவான ஒரு வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் சந்திரசூட், பர்திவாலா அமர்வு தெளிவாகச் சொன்னது: பிள்ளைகளைச் சீரழிக்கும் படத்தை நீக்கினால் மட்டும் போதாது, போக்சோ சட்டப்படி போலீசுக்கும் தெரிவிக்க வேண்டும். இல்லையேல் 79இன் பாதுகாப்பு கிடையாது. லாட்ஜ்காரருக்கு உள்ள அதே கடமை.

நீக்குவதோடு நின்றால் என்ன கெட்டுப்போகும்? கணக்கு போகும், ஆள் போகமாட்டான். வேறு பேரில் மறுநாள் வருவான். அவன் போன் எண், பணம் போன வழி, பேசிய மற்ற பிள்ளைகள் யார் யார், எல்லாம் போலீசுக்குக் கிடைக்காமலே போகலாம். நீக்கியதை 180 நாள் பாதுகாத்து வைக்க 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் சொல்வது இதனால்தான்.

அமெரிக்கா 2018இல் பேக்பேஜ் என்ற விளம்பரத் தளத்தை முடக்கி, கடத்தலுக்குத் துணைபோகும் தளங்களின் சட்டப் பாதுகாப்பையும் குறைத்தது. விளம்பரங்கள் வெளிநாட்டுத் தளங்களுக்கு இடம் மாறின. துப்புத் துலக்குவதும் கடினமானது. கடையை மூடுவதற்கு முன் கணக்குப் புத்தகத்தைக் கைப்பற்ற வேண்டும். பிரிட்டனின் 2023 இணையப் பாதுகாப்புச் சட்டம் முன்கூட்டியே தடுப்பதைக் கடமையாக்கி, மீறினால் உலக வருமானத்தில் 10 சதவீதம் வரை அபராதம் போடுகிறது. எனக்கு இந்த வழி பிடித்திருக்கிறது. அந்நியர் பிள்ளைகளுக்கு மெசேஜ் அனுப்ப முடியாதபடி தொடக்கத்திலேயே பூட்டி வைப்பது நிறுவனத்துக்குப் பெரிய வேலையா என்ன?

[திரையில்: 1930, 1098]

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு அப்படி மெசேஜ் வந்தால் பதறி அழித்துவிடாதீர்கள், திட்டவும் வேண்டாம். அனுப்பியவரின் பக்க முகவரி, எண், தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிள்ளையின் ஆபாசப் படமாக இருந்தால் மட்டும் நகல் எடுக்கவோ, "எச்சரிக்கை" என்று குரூப்பில் அனுப்பவோ கூடாது, அதுவே குற்றம். சைபர் குற்றத்துக்கு 1930, பிள்ளை ஆபத்தில் இருந்தால் 1098. தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கும் புகார் அனுப்பி, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் பதில் திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். அங்கே அந்த எண்ணைக் கேட்பார்கள்.