சர்வர் உள்ள விடமாட்டேங்குதா? பூட்டு எங்க விழுந்திருக்குன்னு முதல்ல பாருங்க

வணக்கம் மக்களே, இன்னைக்கு எஸ்எஸ்ஹெச் லாக்அவுட் பத்தி பேசலாம், அதாவது தூரத்துல இருக்கிற சர்வருக்குள்ள நெட்வொர்க் வழியா பாதுகாப்பா லாகின் பண்ற எஸ்எஸ்ஹெச்ல நாமளே உள்ள போக முடியாம மாட்டிக்கிறது. பாஸ்வேர்ட் கரெக்டா தான் அடிக்கிறோம் ஆனா பெர்மிஷன் டினைட்னே வருது, உடனே எல்லாரும் என்ன பண்றோம், மறுபடி மறுபடி அடிச்சுப் பாக்குறோம். தயவுசெஞ்சு வேணாம்ங்க. அக்கவுண்ட் லாக் ஆயிடுச்சுன்னா சரியான பாஸ்வேர்ட் குடுத்தாலும் அதே மெசேஜ் தான் வரும், வெளிய இருந்து வித்தியாசமே தெரியாது.

ரெட்ஹேட் மாதிரி லினக்ஸ்ல இப்படி அக்கவுண்ட பூட்டுற வேலைய பண்றது ஃபெயில்லாக். டிஃபால்ட்டா 15 நிமிஷத்துக்குள்ள 3 தடவ தப்பாச்சுன்னா 10 நிமிஷம் பூட்டிடும். வேற அட்மின் யாராவது இருந்தா, இல்ல ஹோஸ்டிங் பேனல்ல கன்சோல் (எஸ்எஸ்ஹெச் இல்லாமலே சர்வர்ல கமாண்ட் அடிக்கிற விண்டோ) இருந்தா அது வழியா உள்ள போய், ஃபெயில்லாக், டபுள் ஹைஃபன் யூசர், உங்க யூசர்நேம், இப்படி அடிங்க, எப்ப எந்த ஐபில இருந்து தப்பாச்சுன்னு லிஸ்ட் வரும். கடைசில டபுள் ஹைஃபன் ரீசெட் சேத்தா பூட்டு போயிடும்.

ஆனா ரீசெட் பண்றதுக்கு முன்னாடி அந்த லிஸ்ட்ட நல்லா பாருங்க, எனக்கு இதுதான் ரொம்ப முக்கியம்னு தோணும், ஏன்னா பாஸ்வேர்ட் மாத்தியிருப்பீங்க, எங்கயோ ஒரு பேக்கப் ஸ்க்ரிப்ட் இன்னும் பழசையே வச்சு தட்டிக்கிட்டே இருக்கும், நீங்க எத்தன தடவ திறந்தாலும் அது திரும்ப பூட்டிட்டே தான் இருக்கும். அந்த ஐபிய பிடிச்சு ஸ்க்ரிப்ட்ட சரி பண்ணாம ரீசெட் பண்ணி பிரயோஜனமே இல்ல.

பாஸ்வேர்டே கேக்காம கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டுனோ டைம்அவுட்னோ வந்தா, நிறைய தடவ தப்பா லாகின் பண்ற ஐபிய தடுக்கிற ஃபெயில்2பேன்ங்கிற ப்ரோக்ராம் உங்க ஐபிய தடுத்திருக்கலாம். ஃபோன் ஹாட்ஸ்பாட்ல ட்ரை பண்ணுங்க, கனெக்ட் ஆச்சுன்னா பெரும்பாலும் அதான். உள்ள போய் அன்பேன் பண்ணுங்க, உங்க ஐபி மாறாததுன்னா ஃபெயில்2பேன் தடுக்கக் கூடாத ஐபி லிஸ்ட்டான இக்னோர்ஐபில போட்டுடுங்க.

டூ மெனி ஆதென்டிகேஷன் ஃபெயிலியர்ஸ்னு வந்தா அது லாக்கே கிடையாது. உங்க கம்ப்யூட்டர்ல ஏஜென்ட்னு ஒரு ப்ரோக்ராம், பாஸ்வேர்டுக்கு பதிலா லாகின் பண்ற கீ ஃபைல்கள வச்சிருக்கும், அது இருக்கிற கீ எல்லாத்தையும் வரிசையா நீட்டுது, சர்வர் டிஃபால்ட்டா 6 தடவைக்கு மேல விடாது. உங்க கம்ப்யூட்டர்ல இருக்கிற எஸ்எஸ்ஹெச் கான்ஃபிக்ல ஐடென்டிட்டீஸ்ஒன்லி யெஸ்னு (சொன்ன கீய மட்டும் நீட்டுன்னு அர்த்தம்) போட்டு, எந்த கீ ஃபைல்னும் சொல்லிட்டா முடிஞ்சுது.

சிலர் தொல்லையா இருக்குன்னு ஃபெயில்லாக்கையே ஆஃப் பண்ணச் சொல்றாங்க, அத கேக்காதீங்க, நெட்ல திறந்திருக்கிற சர்வர்ல பாஸ்வேர்ட் கெஸ் பண்ற பாட், அதாவது தானா ஓடுற ப்ரோக்ராம், வந்துட்டே தான் இருக்கும். அப்புறம் எத மாத்தினாலும் இருக்கிற செஷன மூடாதீங்க, இன்னொரு விண்டோல லாகின் ஆகுதான்னு பாத்துட்டு அப்புறமா மூடுங்க.